பல் கூசினால் குளிரைத் திட்டாதீர்கள்! மஞ்சூர் மலையும் இலங்கைத் தேயிலைத் தோட்டமும் சொல்லும் ஈறு ரகசியம்

மஞ்சூரில் விடியற்காலை குழாயைத் திறந்தால் வருவது தண்ணீரா, கத்தியா என்று சந்தேகம் வரும்.

நீலகிரி மாவட்டம் குந்தா தாலுகாவின் தலைநகரான இந்தச் சின்ன ஊர், கடல் மட்டத்தில் இருந்து 6 ஆயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. மழைக்காலத்தில் மேகம் ரோட்டில் இறங்கி நடக்கும். மார்கழி, தை மாதங்களில் நடுக்கும் குளிர். ஒரு வாய்த் தண்ணீரை எடுத்துக் கொப்பளித்தால் போதும், பெரிய மனிதர்கள்கூட கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்து நிற்பார்கள்.

"பனிக்கு அப்படித்தாங்க கூசும். மலையில இருந்தா பழகிக்கணும்!"

யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாவும் அதைத்தான் சொல்வார். கடையின் பலகையைக் கழற்றும் முதலாளியும் அதைத்தான் சொல்வார். முதல் பஸ்சைப் பிடிக்க ஓடுகிற குமாஸ்தாவுக்கு அதைச் சொல்லக்கூட நேரம் கிடையாது.

குளிர் மீது போடுகிற இந்தப் பழி பெரும்பாலும் வீண் பழி!

பல்லின் மேல் பகுதியை 'எனாமல்' என்ற வெள்ளை ஓடு மூடி இருக்கிறது. மனித உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். எலும்பைவிடக் கெட்டி. ஆனால் பல்லின் வேருக்கு அந்த ஓடு கிடையாது. வேருக்குப் போர்வை ஈறுதான். போர்வை விலகினால் குளிரத்தானே செய்யும்? ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரிந்தால், ஐஸ் தண்ணீர் நேரே நரம்பைத் தொட்டது போல இருக்கும். சொத்தை, விரிசல், முரட்டுத்தனமாகத் தேய்ப்பது ஆகியவையும் கூச்சம் தரும். எதுவாக இருந்தாலும் கோளாறு வாயில்தான். குளிர் அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சமவெளியில் வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் கொப்பளிப்பவருக்கு இந்த எச்சரிக்கை மணி சீக்கிரம் அடிக்காது. அந்த வகையில் மஞ்சூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்!

வலிக்காத நோய்

விரல் நுனியில் கத்தி பட்டு ஒரு சொட்டு ரத்தம் வந்தால் மஞ்சள் தேடி ஓடுகிறோம். பல் தேய்க்கும்போது வாய் நிறைய ரத்தம் வந்தால் துப்பிவிட்டு ஆபீசுக்குப் போகிறோம்.

சொத்தைப் பல் அப்படி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைத்துவிடும். ஈறு நோய் சத்தம் போடாது. பல வருடம் உள்ளேயே வேலை பார்க்கும்.

சாப்பிட்ட பிறகு பல்லின் மேல் வழவழவென்று ஒரு படலம் படிகிறது. நாட்டுப்புறத்தில் ஊத்தை என்கிறார்களே, அதேதான். அது வெறும் சோற்றுப் பிசுக்கு அல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கும் காலனி. ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் அது தங்கினால் ஈறு சிவக்கும், வீங்கும், லேசாகத் தொட்டாலும் ரத்தம் கசியும். துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, கல் போல இறுகிவிடும். இதற்குப் பெயர் காரை. பிரஷ்ஷால் அதன்பிறகு அதை அசைக்க முடியாது. காரை மேல் இன்னும் கிருமி, இன்னும் வீக்கம். கடைசியில் ஈறு பல்லை விட்டு விலகிப் பை போலத் தொங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்.

அந்தக் காலத்து ஆட்கள் 'பயோரியா' என்று சொன்னார்களே, அது இதுதான். எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. கரைந்த எலும்பு பழையபடி தானாக வளராது.

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் வைக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். அங்கேதான் தப்பு நடக்கிறது. ரத்தம் வரும் இடத்தில்தான் மெதுவாக, கூடுதல் கவனத்துடன் சுத்தம் செய்ய வேண்டும்.

12 பேர் பல் தேய்க்கவில்லை!

இதைச் சோதித்துப் பார்த்த கதை சுவாரசியமானது.

ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டுப் பல் டாக்டர், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 12 பேரைப் பிடித்தார். எல்லாருக்கும் ஈறு ஆரோக்கியமாக இருந்தது. "இன்று முதல் யாரும் பல் தேய்க்கக் கூடாது" என்பதுதான் நிபந்தனை.

பத்து நாளில் சிலருக்கு ஈறு வீங்கியது. மூன்று வாரத்துக்குள் 12 பேருக்குமே வீக்கம். மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. 1965-ல் வெளியான ஆராய்ச்சி இது.

அதாவது ஆரம்பக் கட்டத்தில் ஈறு நோய்க்கு ஊசி மாத்திரை எதுவும் வேண்டியதில்லை. ஒரு பிரஷ்ஷும் ஒரு வாரப் பொறுமையும் போதும்.

சரி, யாருமே சுத்தம் செய்யாமல் 15, 20 வருடம் விட்டால் என்ன ஆகும்? அதை டென்மார்க்கில் சோதிக்க முடியுமா? யார் சம்மதிப்பார்கள்? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடம், ஒரு தேயிலை மலை.

இலங்கைத் தோட்டத்தில் கிடைத்த விடை

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இலங்கைப் பேச்சு புதிது அல்ல. 1964-ல் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின்படி ஆயிரக்கணக்கான மலையகத் தமிழ்க் குடும்பங்கள் கப்பல் ஏறி வந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் தமிழக அரசு தேயிலை நடும் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பிறகு 'டான்டீ' ஆனது. குந்தா, கோத்தகிரி, கூடலூர் என்று மலை முழுக்க அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்தக் குடும்பங்கள் விட்டு வந்த அதே இலங்கை மலைநாட்டில், இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு 1970-ல் அந்த ஹரால்ட் லோ குழுவினர் போனார்கள். தோட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள். எல்லாரும் ஆண்கள். 14 முதல் 31 வயது வரை உள்ளவர்கள். பிரஷ், பேஸ்ட் பழக்கம் இல்லை. பல் டாக்டர் சிகிச்சை எதுவும் கிடைத்ததும் இல்லை.

அதற்கு முந்திய வருடம்தான் நார்வேயின் ஆஸ்லோ நகரில் படித்த வாலிபர்கள் 565 பேரை இதேபோல் பரிசோதிக்கத் தொடங்கி இருந்தார்கள். அவர்கள் சின்ன வயசில் இருந்தே பல் டாக்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

திரும்பத் திரும்பப் போய் அதே ஆட்களை, அதே பற்களை அளந்தார்கள். 1978-ல் ஒரு கணக்கு வெளியானது. நாற்பது வயதை நெருங்கும்போது, பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானத்தில் ஆஸ்லோக்காரர் இழந்தது சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளி இழந்தது நாலரை மில்லிமீட்டர். சரியாக மூன்று மடங்கு!

1985 வரை பரிசோதித்து மறு வருடம் வெளியிட்ட முடிவு இன்னும் பெரிய அதிசயம்.

அந்தத் தொழிலாளர்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இழந்த பற்கள் அநேகமாக எல்லாமே ஈறு நோயால் போனவை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் குதிரை வேகத்தில் ஓடியது. அவர்களுக்கு 20 வயதில் பல் விழ ஆரம்பித்தது. 35 வயதில் 12 பல் காலி. 40 வயதில் 20 பல் காலி. 45 வயதில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. பொக்கை வாய்!

நூற்றுக்கு 81 பேருக்கு நோய் நடுத்தர வேகம். முப்பதுக்குப் பிறகுதான் பல் விழத் தொடங்கியது. 45 வயதில் 7 பல் போயிருந்தது.

மிச்சம் 11 பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே லயன் வீடு, அதே சாப்பாடு, அதே காரை. பல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

"எங்க தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்ல. எண்பது வயசிலயும் கரும்பு கடிச்சாரு" என்று டீக்கடையில் வாதாடுபவர்கள் உண்டு. வாதம் உண்மைதான். அந்தத் தாத்தா 11 பேரில் ஒருவர். பேரன் எந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்பதுதான் கேள்வி. அது பல் ஆடும்வரை வெளியே தெரியாது.

இன்று உலகம் பூராவும் பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு பாடமாக இருக்கிறது. நியூயார்க் மாணவனும் படிக்கிறான், டோக்கியோ மாணவனும் படிக்கிறான். அது தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் வாயில் இருந்து எடுத்த பாடம். நம் தோட்டத்து லயன் வீடுகளுக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பது வேடிக்கை அல்ல, வேதனை.

ஆலும் இல்லை, வேலும் இல்லை

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சமவெளியில் சொல்வார்கள். மஞ்சூரில் ஆலமரத்துக்கு எங்கே போவது? வேலமரமும் இந்தக் குளிரில் நிற்காது. வேப்பமரத்துக்கும் இந்த உயரம் ஒத்துவராது. சுற்றிலும் தேயிலை, சில்வர் ஓக், கற்பூர மரம். மதுரைக்காரருக்குத் தெருவோரம் சும்மா கிடைக்கும் பல்குச்சி, மலைவாசிக்கு இல்லை.

அதனால் அந்தக் காலத்தில் இங்கே கையில் கிடைத்தது அடுப்புக்கரி, சாம்பல், உப்பு. பிறகு கடைக்குப் பல்பொடி வந்தது. கோபால் பல்பொடி, மைசூர்ப் பக்கத்து நஞ்சன்கூடு பல்பொடி என்றால் தெரியாதவர் யார்? இன்றும் பொடி போட்டு விரலால் தேய்த்தால்தான் பல் தேய்த்த திருப்தி என்பவர்கள் இருக்கிறார்கள்.

பொடி மீது குற்றம் இல்லை. விரல் மீதுதான். விரல் பல்லின் முகத்தைத் துடைக்கும், இடுக்குக்குள் போகாது. ஈறு நோய் தொடங்குவதே இடுக்கில்தான். கரி, செங்கல் பொடி போன்ற கரகரப்பான சமாசாரங்கள் எனாமலைத் தேய்த்துவிடும். வெளுப்பது போலத் தெரியும். உண்மையில் தோல் உரிகிறது. புகையிலை கலந்த பல்பொடி, பேஸ்ட் விற்பதற்கு மத்திய அரசு 1992-லேயே தடை போட்டுவிட்டது. அப்படி ஏதாவது கைக்கு வந்தால் தொடவே கூடாது.

பேஸ்ட் வாங்கும்போது 'புளோரைடு' என்று அச்சடித்து இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பத்து லட்சத்தில் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு பங்கு புளோரைடு பெரியவர்களுக்குச் சரி. அது சொத்தையைத் தடுக்கும். ஈறைக் காப்பாற்றுவது பேஸ்ட் அல்ல, பிரஷ்ஷின் மயிர்தான். விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி பிதுக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டாணி அளவு போதும்.

பஸ்சுக்கு ஓடுகிறவர் என்ன செய்வது?

காலையில் நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆறு மணிக்கு வெளியே கிளம்பும் ஆளிடம் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகத் தேய் என்று சொன்னால் சிரிப்பார். காலையில் குளிர் தண்ணீரில் கூச்சத்துக்குப் பயந்து, அரை நிமிடத்தில் முடித்துவிடுகிற ஆட்களே அதிகம்.

ராத்திரி நேரம் இருக்கிறதே!

தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். வாயைக் கழுவிவிட ஆள் இல்லை. கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுப்பில் மிச்சம் இருக்கும் வெந்நீரை வெதுவெதுப்பாக ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் தேய்த்தால், அது காலைக் குளியலைவிடப் பெரிய காரியம். அதன்பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பால், பிஸ்கட், வெற்றிலை எல்லாம் அதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை என்பதுதான் முறை. அவசரத்தில் ஒன்றைச் சுருக்கினாலும் ராத்திரியைச் சுருக்கக் கூடாது.

பிரஷ் மென்மையாக இருக்க வேண்டும். ஹார்டு பிரஷ் வாங்கி, பாத்திரம் துலக்குவது போலக் குறுக்கே அரக்கித் தேய்ப்பவர்கள் தங்கள் ஈறைத் தாங்களே அறுத்துக்கொள்கிறார்கள். பிரஷ்ஷைச் சாய்த்து, மயிரின் பாதி ஈறு மேலும் பாதி பல் மேலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். உள்பக்கத்தை மறக்கக் கூடாது. முக்கியமாகக் கீழ் வரிசை முன் பல்லின் உள்பக்கம்! எச்சில் ஊறி வரும் இடம் அது. காரை முதலில் கட்டுவதும் அங்கேதான். நாக்கு நுனியால் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று தெரியும். மூன்று மாதத்தில், அல்லது மயிர் வளைந்து விரிந்தால் அதற்கு முன்னாலேயே, பிரஷ்ஷை மாற்றிவிட வேண்டும்.

கடைக்காரர்களிடம் ஒரு பழக்கம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஊக்கு, குண்டூசி, தீக்குச்சி என்று எதையாவது எடுத்துப் பல்லைக் குத்துவது. ஈறைக் கிழிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. இடுக்கைச் சுத்தம் செய்ய மருந்துக்கடையில் தனி நூல் விற்கிறது. இடுக்குக்கென்றே சின்ன பிரஷ்ஷும் உண்டு.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. டீ பல்லில் கறை ஏற்றும், ஈறைக் கெடுக்காது. அதில் போடும் சர்க்கரைதான் வம்பு. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போனதும் கிருமிகள் அமிலம் கக்கும். அது தணிய அரை மணி நேரம் போல ஆகும். மூன்று வேளை டீ குடிப்பவரைவிட, பிளாஸ்கில் வைத்து மணிக்கு ஒரு மடக்கு குடிப்பவருக்குத்தான் சொத்தை சீக்கிரம் வரும். கூட ஊட்டி வர்க்கியும் சேர்ந்தால் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வர்க்கியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டதும் ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளித்தால் ஆயிற்று.

குளிருக்கு இதம், ஈறுக்கு எமன்

தோட்டத்திலும் சரி, ரோட்டு வேலையிலும் சரி, குளிருக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டு புகையிலையை ஒதுக்கிக்கொள்வது பழைய பழக்கம். பீடி, சிகரெட்டும் அப்படித்தான். "சூடா இருக்கு, பசி தெரியாது" என்பார்கள்.

புகையிலை ஒதுக்கும் இடத்தில் ஈறு கீழே இறங்கிக்கொண்டே போகும். பீடி, சிகரெட்டில் வேறு ஒரு தந்திரம் இருக்கிறது. புகைபிடிப்பவருக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைந்துவிடும். 'எனக்கு ரத்தமே வரதில்ல, ஈறு நல்லா இருக்கு' என்று அவர் நினைத்துக்கொண்டு இருப்பார். உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துகொண்டு இருக்கும். பாக்கும் சாதுவானது அல்ல. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-ல் அறிவித்துவிட்டது. வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இன்னொரு தகவல். சர்க்கரை கூடினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்பட மறுக்கும். இரண்டும் கூட்டாளிகள்.

கிளீன் பண்ணினால் பல் ஆடுமா?

மலையில் மட்டும் அல்ல, தமிழ்நாடு பூராவும் இந்தப் பயம் உண்டு. "டாக்டர் கிட்ட போய் கிளீன் பண்ணேன். அதுக்கு அப்புறம்தான் பல்லு ஆடுது!"

நடப்பது இதுதான். எலும்பு ஏற்கனவே கரைந்துவிட்டது. இரண்டு பல்லுக்கு நடுவே காரை சிமெண்டு மாதிரி இறுகி, ஆடுகிற பல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தது. காரையை எடுத்ததும் உண்மை வெளியே வந்தது. பூச்சு உதிர்ந்ததும் சுவர் விரிசல் தெரிவதற்கு, சுரண்டிய கொத்தனாரா காரணம்? காரையை எடுத்தால்தான் ஈறு மறுபடி பல்லை இறுக்கும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பதும் கட்டுக்கதை.

பல் வலிக்கு நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வாயில் வைப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வீடு பாட்டில் இருக்கிற ஊர் அல்லவா! கன்னத்தில் தடவினால் போகட்டும், வாய்க்குள் வேண்டாம். விழுங்கினால் விஷம். குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து.

குழந்தை என்றதும் இன்னொன்று. ஆறு வயது வாக்கில் பால்பல் எதுவும் விழாமலேயே கடைவாயின் பின்னால் ஒரு பெரிய பல் புதிதாக முளைக்கும். 'விழப்போற பால்பல்தானே' என்று பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். சொத்தையாகிப் பிடுங்கினால் மறுபடி முளைக்காது.

30 வயது என்ற கணக்கு

இலங்கைத் தோட்டத்துக்கு 2010-ல் மறுபடி ஆராய்ச்சியாளர்கள் போனார்கள். 40 வருடம் கழித்து, பழைய 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது. முப்பது வயதில் பிடிமான இழப்பு சராசரியாக 2 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்குத்தான், அறுபது வயதில் குறைந்தது 20 பல்லாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம். முப்பதுக்கு முன்பே ஈறைக் கவனிக்க வேண்டும், காரையை எடுக்க வேண்டும், புகையை விட வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னது.

மஞ்சூர்க்காரருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்கும் மேல். போனால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் வலி தாங்க முடியாத அன்றுதான் பஸ் ஏறுகிறார்கள். அன்றைக்கு டாக்டர் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான், பிடுங்குவது. வலி இல்லாத நாளில் போனால் பல்லோடு திரும்பலாம்.

போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம். பிரஷர், சர்க்கரை, இதயம், ரத்தம் உறையாமல் இருக்க என்று ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது சகஜம். பல் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது.